லெமினேட் பண்ணின பட்டம்

"மூட்டை தூக்குறவர்ட மகள் படிச்சு, என்ன, மந்திரியாவா ஆகப் போறா?"

நான் ஏ.எல். பரீட்சை எழுதிய வருடம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் பேக்கரியில் பாண் வாங்க நின்ற இடத்தில், பக்கத்து வீட்டு அன்டி என் அம்மாவிடம் கேட்டது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போன ஆள் நான். மந்திரியாவதற்குப் படிப்பே தேவையில்லை என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பட்டம் எடுத்தேன். சான்றிதழ் வந்த மறுநாளே அப்பா அதைக் கொண்டுபோய் லெமினேட் பண்ணி, டீவிக்கு மேலே மாட்டினார். எங்கள் கூரை ஒழுகும். அவருக்கு அந்தப் பயம்.

போன வருடம் ஒரு அமைச்சில் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. அதிகாரி சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நகத்தால் சுரண்டினார்.

"லெமினேட் பண்ணினா முத்திரையைத் தடவிப் பார்க்க ஏலாது, மிஸ். இது உண்மையான பட்டம்தான் என்று பல்கலைக்கழகத்தில கடிதம் எடுத்து வாங்க. ரெண்டு கிழமை, பதினாலு நாள், தாறம். இல்லாட்டி லிஸ்டில அடுத்த ஆள்."

வீட்டில் சொன்னபோது அப்பா சான்றிதழ் மாட்டியிருந்த ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நனையக் கூடாதெண்டுதானே, மகள்."

அதே கிழமை பாராளுமன்ற நேரலையில் அந்த அமைச்சின் அமைச்சர் எழுந்து நின்றார். பெயருக்கு முன்னால் 'கலாநிதி' என்று டாக்டர் பட்டம் போட்டுக்கொள்பவர். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டார்: எந்தப் பல்கலைக்கழகம்? எந்த வருடம்? இந்தப் பதவிக்கு உங்களுக்கு என்ன தகுதி?

அமைச்சர் சிரித்தார். கலாநிதி என்று கூப்பிடும்படி அவர் யாரையும் கேட்கவில்லையாம், மக்கள் அன்பால் வைத்ததாம். சான்றிதழ் இருக்கிறதாம். வீடு மாறியபோது எந்தப் பெட்டிக்குள் போனதென்றுதான் தெரியவில்லையாம். அவருடைய ஆட்கள் மேசையில் தட்டினார்கள். சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போனார். இரண்டு கிழமை என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்பா உண்மையான கவலையோடு கேட்டார்: "பாவம், அவர்ட அப்பாவும் லெமினேட் பண்ணியிருப்பாரோ?"

பன்னிரண்டாம் நாள் பல்கலைக்கழகக் கடிதம் கிடைத்தது. அமைச்சுக்கு இரண்டு தாள்களோடும் அவற்றின் பிரதிகளோடும் போனேன். இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம்: கௌரவ அமைச்சரின் கலாநிதிப் பட்டச் சான்றிதழின் பிரதி தங்களிடம் இருக்கிறதா? இருந்தால் ஒன்று தரவும்.

அதே அதிகாரிதான். வாசித்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"கடிதத்தை மட்டும் தாங்க, மிஸ். மற்றதைக் கொண்டு போங்க. வேலை தேவைதானே?"

"தேவைதான், சேர். ரெண்டையும் எடுங்க."

"உங்கட நல்லதுக்குத்தான் சொல்றன்."

"லெமினேட் பண்ணியிருந்தாலும் பரவாயில்லை என்று அதில எழுதியிருக்கிறன், சேர்."

அவருடைய வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்பா, பயமா, தெரியவில்லை. இரண்டு தாள்களையும் வாங்கி வைத்துவிட்டு, முத்திரையை எடுத்து, என் கையிலிருந்த இரண்டு பிரதிகளிலும் 'கிடைத்தது' என்று குத்தித் தந்தார்.