புது லாரியில் ஏறிய பூனைக்குட்டி

1. எங்கள் பட்டறையில் ஒரு புது லாரிக்குக் கேபின் கட்டிய வாரத்தில், சாம்பல் நிறப் பூனை ஒன்று அதற்குள் மூன்று குட்டிகள் போட்டது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுப்பதற்கு ஒரு பெர்த் இருக்கும். அதன் அடியில் உள்ள பெட்டிதான் இடம்.

2. மேஸ்திரி பார்த்துவிட்டார். "வண்டி எடுக்க வாரவங்க கண்ணுல பூனை பட்டா அவ்வளவுதான். சாக்குல கட்டி பைபாஸ்ல உட்ருங்கடா" என்றார்.

3. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பாத்துக்கோ அம்மிணி. மறுபடியும் வண்டில பாத்தேன்னா சாக்குதான்" என்றார்.

4. பெயின்ட் டப்பாக்கள் அடுக்கும் அறையில் ஓர் அட்டைப்பெட்டி வைத்துக் குட்டிகளை மாற்றினேன்.

5. தாய்ப்பூனை கழுத்தைக் கவ்வி ஒவ்வொன்றாக மீண்டும் லாரிக்கே கொண்டுபோனது. நான் மீண்டும் மாற்றினேன். எங்கள் இருவருக்கும் இதுவே வேலையானது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை அது. மெக்கானிக்கல் படித்த எனக்கு அங்கே வரைபடம் போட்டு அளவு சரிபார்க்கும் வேலை. மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, சாப்பிடும்போதும் கத்தியே பேசுகிறவர்கள்.

குட்டிகள் கண் திறந்த பிறகு அவர்கள் குரல் மாறியது. உதவிக்கு இருப்பவர்களை "டேய்" தவிர வேறெதுவும் சொல்லி அழைக்காத தச்சர், பெயின்ட் அறை வாசலில் குனிந்து, "ஏனுங்க சாமி, சாப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்களைய ஒரு நா அப்படிக் கேட்டிருக்கீங்களா?" என்றார் வெல்டர்.

"உனக்கு அந்த மூஞ்சி இருக்குதா?"

அந்த வெல்டரின் தோல் கையுறைகள் மேல்தான் தாய்ப்பூனை மதியம் தூங்கும். அவர் அதை எழுப்ப மாட்டார். வேறொருவரின் சின்னக் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு வெல்டிங் வைப்பார். கேட்டால், "எந்திரிக்கட்டுங்க, பாவம்" என்பார்.

ஏன் இப்படி என்று யோசித்தேன். யோசிப்பதென்றால் எனக்கு முதலில் அளவெடுப்பது. குட்டியின் முகத்தில் பாதி கண். மூக்கு ஒரு பட்டாணி அளவுகூட இல்லை. நெற்றி உருண்டை. கைக்குழந்தையின் முகமும் ஏறக்குறைய இதே கணக்குதான். நம் கை தானாக நீள்வதற்கு அது போதும்.

ஆனால் அந்தக் கணக்கு கையுறைக்குப் பொருந்தவில்லை. தாய்ப்பூனைக்கு ஒட்டிய முகம், ஒரு காது கிழிந்திருக்கும். நாய் என்றால் பட்டறைக்குள் வருகிற எல்லோரிடமும் வாலாட்டும். இந்தப் பூனை யாரிடமும் போகாது. கூப்பிட்டால் திரும்பாது. அத்தனை பேரில் ஒருவருடைய பொருளை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன்மேல் வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது. கேட்டு வாங்க முடியாத ஒன்று தானாக வந்து மடியில் விழுந்தால், யாருக்குத்தான் தட்டிவிட மனம் வரும்?

வண்டி எடுக்கும் நாள் வந்தது. எடுக்க வந்தவர் சேந்தமங்கலத்துக்காரர். பல வருடங்கள் பிறர் லாரியை ஓட்டியவர். இதுதான் அவருடைய முதல் சொந்த வண்டி. மனைவி புதுச் சேலையில் தட்டோடு நின்றார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. இங்கிருந்து நேராக லோடு ஏற்றி வடக்கே போகிற திட்டம்.

கற்பூரம் ஏற்றும்போது நான் பெயின்ட் அறையை எட்டிப் பார்த்தேன். பெட்டியில் இரண்டு குட்டிகள்தான் இருந்தன. தாய்ப்பூனை லாரியின் படிக்கட்டில் ஏறி, பூட்டிய கதவைப் பிறாண்டிக் கத்திக்கொண்டிருந்தது.

தச்சரைப் பார்த்தேன். முந்தின மாலைதான் அவர் பெர்த்துக்குப் பலகை போட்டு, ஸ்க்ரூ முடுக்கி, மேலே ரெக்ஸின் ஒட்டியிருந்தார். உள்ளே பார்த்தாரா என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவர் முகமே சொல்லிவிட்டது.

அதற்குள் வண்டிக்காரர் கேபினில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார். முதன்முதலாகக் கிளம்பும் வண்டியை யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது. எங்கள் தொழிலில் அது பூனை குறுக்கே போவதைவிடப் பெரிய தடை. மேஸ்திரி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வேண்டாம் என்று அர்த்தம்.

"அண்ணா, கொஞ்சம் இருங்க" என்றேன். "பெர்த்துக்கு அடில பூனைக்குட்டி ஒண்ணு மாட்டியிருக்குதுங்க."

வண்டிக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, "உசுரோட இருக்குதா பாருங்க மொதல்ல" என்றார்.

தச்சர் ஏறி ரெக்ஸினைக் கிழித்தார். மாலை முழுக்க மினுக்கி ஒட்டிய ரெக்ஸின். ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பலகையைத் தூக்கியதும், தலையெல்லாம் மரத்தூளோடு குட்டி கண்ணைச் சிமிட்டியது. பிறகு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

வண்டிக்காரர் அதை உள்ளங்கையில் வாங்கி, கட்டைவிரலால் தூளைத் துடைத்தார்.

"மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் மேஸ்திரி. "இன்னொரு நா நல்ல நேரம் பாத்து…"

"குறுக்க போனாத்தானுங்க சகுனம்? இது எனக்கு முன்னாலயே ஏறி உக்காந்திருக்குது."

முதலில் சிரித்தது அவருடைய மனைவி. "உங்களுக்கு மொத சவாரி பாருங்க" என்றார்.

வண்டிக்காரர் இறங்கி வந்து குட்டியைத் தரையில் வைத்தார். தாய்ப்பூனை அதைக் கவ்விக்கொண்டு, லாரியின் முன்பக்கமாக, எல்லோரும் பார்க்கக் குறுக்கே நடந்தது. அவசரப்படவில்லை. நடுவில் நின்று குட்டியைக் கீழே வைத்து, சரியாகக் கவ்விக்கொண்டு மறுபடி நடந்தது. அது பெயின்ட் அறைக்குள் போகும்வரை காத்திருந்துவிட்டு அவர் வண்டியில் ஏறினார். கிழிந்த ரெக்ஸினோடேயே எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பினார்.

இப்போதைய நிலவரம்: மூன்று குட்டிகளும் தாயும் பட்டறையில் இருக்கின்றன. லோடு இறக்கித் திரும்பியதும் வண்டி வந்தது. புது ரெக்ஸின் போட்டுக் கொடுத்தாகிவிட்டது. பூனையை வெளியே விடுவது பற்றி மேஸ்திரி பேசுவதில்லை. பெர்த்துக்குப் பலகை போடுவதற்கு முன் தச்சர் டார்ச் அடித்துப் பார்க்கிறார்.