அவசரமாய் எடுத்த பாய்

சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளை உடைகளைத் தேய்ப்பது லூபேயின் வேலை. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வாரமெல்லாம் பிறர் துணியை மடிக்கிறவள், வீட்டுக்கு வந்தாலும் இஸ்திரிப் பெட்டியைத்தான் பிடிப்பாள். நாளைய ஆராதனைக்கு அவளுக்கு ஒரு கவுன், மகள் ரூத்தாவுக்கு ஒன்று. கடைசியாக ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. செத்துப்போன மகன் எசேராவுடையது. யாரும் போடாத அந்தச் சட்டையை வாரந்தவறாமல் துவைத்துத் தேய்த்து மாட்டுவாள். ரூத்தா அதைப் பார்க்காதவள் போலவே இருந்துவிடுவாள்.

"இன்னிக்குக் கண்ணாடியப் பாத்து சொன்னியாம்மா?" பாடற்பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டே ரூத்தா கேட்டாள்.

"சொன்னேனே. நான் நல்லவ, எனக்கு நானே போதும்னு. கண்ணாடிதான் ஒண்ணும் சொல்லல."

"நக்கலா? இரு, போதகரம்மாகிட்ட சொல்றேன்."

"சொல்லு. வகுப்புல என் சத்தம்தான் பெருசுன்னு அவங்களே சொல்வாங்க."

அது உண்மைதான். லோகன் நகரில் குடியேறிய சமோவாத் தீவுக்காரர்களின் அந்தச் சபையில், பெண்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் கைக்கண்ணாடி கொடுத்து, தினமும் அதில் முகம் பார்த்துத் தன்னையே தேற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். கிழவிகள் அதைத் தொப்பி சரிபார்க்க வைத்துக்கொண்டார்கள். லூபே மட்டும் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பற்றிக்கொண்டாள். யார்மேலும் குற்றம் பார்க்காதே, உன்மேலும் பார்க்காதே, நடந்ததற்கு யாரும் காரணமில்லை. அது வாய்க்கு இதமாக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பரமண்டல ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது மட்டும் அவள் உதடு அசையும், குரல் வராது. பக்கத்தில் நிற்பவளுக்குக்கூட அது தெரியாது.

ரூத்தாவின் கார் போனதும் வீடு அடங்கியது. அந்த வேளையில்தான் எசேரா வருவான். பின்வாசலில் செருப்பை உதறும் சத்தம் கேட்கும். யாரும் இருக்கமாட்டார்கள் என்று தெரிந்தே அவள் திரும்பிப் பார்ப்பாள்.

இன்றைக்குச் சத்தம் கேட்டுத் திரும்பினால், நிஜமாகவே ஒருவன் நின்றான். பிலிப்போ. எசேராவின் கூட்டாளி. எசேரா செத்த அன்றைக்கு வண்டி ஓட்டியவன்.

"அத்தே."

"வாடா. இளைச்சுப் போயிட்ட. கிழங்கு வேகவெச்சிருக்கேன், சாப்பிடு."

"சாப்பிட வரல அத்தே. அந்தப் பாயைக் குடுங்க."

எந்தப் பாய் என்று அவள் கேட்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள், விடியுமுன் பிலிப்போவும் அவன் அம்மாவும் இந்த வீட்டு வாசலில் மண்டியிட்டு, குடும்பத்தின் மெல்லிய நெய்த பாயைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டார்கள். சமோவா வழக்கப்படி, உயிரைப் பறிகொடுத்த வீட்டார் வந்து பாயை எடுத்தால் மன்னித்துவிட்டதாக அர்த்தம். உச்சிவெயில் வரை கிடக்கவிட்ட வீடுகள் உண்டு. கதவே திறக்காத வீடுகளும் உண்டு. லூபேயோ அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் முன்னே ஓடிவந்து எடுத்துவிட்டாள். "எழுந்திருப்பா, உன்மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள். சபையே அவளை மெச்சியது. அன்று முதல் பாய் அவள் அலமாரியில் கிடந்தது.

"அது இப்ப எதுக்குடா?"

"நான் சபையில ராப்போஜன அப்பம் எடுக்குறதில்ல. பாத்திருப்பீங்களே. தட்டு வந்தா அடுத்த ஆளுக்குத் தள்ளிடுவேன்."

"உன்ன நீயே மன்னிச்சுக்கணும் பிலிப்போ. நீ நல்ல பையன்."

"போதகரம்மா மாதிரி பேசாதீங்க அத்தே. அன்னிக்கு வண்டி ஓட்டும்போது நான் போனப் பாத்துட்டிருந்தேன். ரோட்டப் பாருடான்னு அவன் சொன்னான். சிரிச்சுக்கிட்டே இன்னும் ஒரு தடவ பாத்தேன்."

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றது. கருகும் வாடை வந்த பிறகுதான் அவள் தூக்கினாள். காலருக்குக் கீழே பழுப்பாக ஒரு முக்கோணம்.

"கோர்ட்டுல எல்லாம் முடிஞ்சு போச்சேடா" என்றாள், குரல் எங்கோ இருந்தது.

"கோர்ட்டுல முடிஞ்சிது. நீங்களும் அன்னிக்கே தப்பே இல்லன்னு சொல்லிட்டீங்க. தப்பே இல்லன்னா நீங்க எத மன்னிச்சீங்க?"

அவளுக்குப் பதில் தெரியும். மன்னித்தேன் என்று சொல்ல வேண்டுமானால், அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. என் பிள்ளையைக் கொன்றவன் நீ. அந்தச் சொல் வாயைவிட்டு வந்தால் அதன் பின்னால் என்னவெல்லாம் வரும் என்று அவளுக்குப் பயம். அதற்குப் பயந்துதான் அன்றைக்கு அப்படி ஓடிப்போய்ப் பாயை எடுத்திருக்கிறாள். இத்தனை நாள் அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவனே அலமாரியைத் திறந்தான். இஸ்திரி மேசைக்கு அருகில், வெறுந்தரையில் மண்டியிட்டுப் பாயை இழுத்துத் தலைமேல் போர்த்திக்கொண்டான். எசேராவின் சவப்பெட்டிமேல் விரித்த பாயும் இப்படித்தான் மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. ஆனால் இது மெல்ல ஏறி இறங்கியது.

"எத்தன நேரமானாலும் இருக்கேன்" என்றது பாய்க்குள்ளிருந்து குரல். "வேணாம்னா வேணாம்னே சொல்லுங்க. ஆனா உள்ளத சொல்லுங்க."

லூபேயின் கை பாயின் ஓரம் வரை போனது. விரல்கள் அந்த மென்மையைத் தொட்டன. பிறகு கையை இழுத்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். கருகிய சட்டையை எடுத்து மார்போடு சேர்த்துப் பிடித்தாள்.

"அத்தே, இருக்கீங்களா?"

இந்த முறை பாயை எடுக்காமலே, அவள் செருப்பில்லாத காலால் சத்தமில்லாமல் அறையைவிட்டு வெளியே போனாள்.