செத்தவர் பெயரில் ஏழு கைது

அன்று காலை ஸ்டேஷனில் இருந்தவர்கள் இவர்கள். என் தங்கை. தங்கையின் மாமியார். தங்கை புருஷனுக்கு அண்ணன். மேசைக்குப் பின்னால் ஸ்டேஷன் ரைட்டர். வாசற்படியில் வேர்க்கடலை உரித்துக்கொண்டு ஒரு கான்ஸ்டபிள். ஆறாவது நான்.

ஸ்டேஷன் எண்ணூர் ஆற்றுக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி இருந்தது. ஆற்றைப் படகில் கடந்து, வரப்பு மேல் ஒரு மணி நேரம் நடந்து போனோம்.

தங்கையைக் கட்டிக்கொடுத்தது முகத்துவாரக்குப்பத்தில். நான் ராயபுரத்தில் இருந்தேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. மூன்றாவது வரை படித்தேன். எங்கள் இரண்டு வீட்டிலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதற்காகத்தான் என்னைக் கூட்டிப் போனார்கள்.

தங்கை புருஷன் செவ்வாய்க்கிழமை விடியலில் கட்டுமரத்தில் போனான். மீனுக்குப் போவதாகச் சொன்னான். மத்தியானம் கட்டுமரம் மட்டும் முகத்துவாரத்துக்கு வெளியே ஆடிக்கொண்டு கிடந்தது. அவன் அண்ணன்தான் அதை இழுத்து வந்தார். ஆள் இல்லை. புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் கரையோரம் தேடினார்கள். ஒன்றும் ஒதுங்கவில்லை.

வெள்ளி சாயங்காலம் குப்பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்றார்கள். செய்வது என்றால் வளையல் உடைப்பது, தாலி எடுப்பது. பிறந்த வீட்டுக் கோடித் துணி நான் கொண்டுவர வேண்டும். வாங்கிவிட்டிருந்தேன். தங்கையிடம் சொல்லவில்லை.

அவள் அழவில்லை. கட்டுமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வல கட்டுனது கட்டுனபடி கீது. முடிச்சக்கூட அவுக்கல. அது மீனுக்குப் போகல. உப்புக்குப் போய்க்கீது" என்றாள்.

வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில் உப்பு சர்க்கார் சொத்து. சேற்றில் தானாகப் பூத்த உப்பைச் சுரண்டினாலும் குற்றம். உப்பு இலாகா பியூன் பிடித்து ஸ்டேஷனில் விடுவான். கருவாடு போடுகிற குப்பத்துக்கு உப்பு இல்லாமல் முடியாது. அதனால் போவார்கள். சிலர் பிடிபடுவார்கள். வீட்டுக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். சொல்லி அனுப்பினால் வீடு எது என்று பியூனுக்குத் தெரிந்துவிடும். உள்ளே இருந்துவிட்டு, நாள் முடிந்ததும் தானாக வந்து சேருவார்கள்.

தங்கை பெரியவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஸ்டேஷன்ல கைது ரிஜிஸ்டர் கீதாம். அதப் பாத்துட்டு வந்துட்றோம். அதுல இல்லன்னா ஞாயித்துக்கெழம நீங்க சொல்றபடி நடந்துக்கறேன்."

அப்படித்தான் போனோம். குப்பத்திலிருந்து யாரும் அதுவரை தன் காலால் அந்தப் படி ஏறியதில்லை. கூட்டாளி அந்த ரிஜிஸ்டரில் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் அவன் அதில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனோம்.

ரைட்டர் கண்ணாடி போட்டவர். நல்ல மனுஷர்தான். ஆனால் பேச்சில் ஆளை மடக்கிவிடுவார்.

"யாரு நீங்க? இன்னா வேணும்?" என்று முதலில் அண்ணனைக் கேட்டார். "உன் பேர் சொல்லு."

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சட்டென்று ஒரு பெயரைச் சொன்னார். அது அவர் பெயர் இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் போலீசிடம் சொந்தப் பெயரைச் சொல்வது கிடையாது. குப்பத்தில் ஒரு கிழவர் இருந்தார். பிள்ளை குட்டி இல்லை. சாகிறபோது, "எவனாவது மாட்டுனா எம்பேர சொல்லிக்கோங்கடா, எனக்கு இன்னா வரப்போவுது" என்று சொல்லிவிட்டுச் செத்தார். அதிலிருந்து யார் பிடிபட்டாலும் அவர் பெயர்தான். அண்ணன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தம்பியைத் தேடி வந்தவர். ஆனாலும் காக்கித் துணியைப் பார்த்ததும் வாய் பழக்கப்பட்ட பெயரைச் சொல்லிவிட்டது.

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"யோவ், இங்க வா. அவரே நேர்ல வந்துட்டாருய்யா."

கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தான். "போன வாரம் ஒல்லியா இருந்தாரே!"

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் சுவரைப் பார்த்தார்.

ரைட்டர் பெரிய ரிஜிஸ்டரை எடுத்து மேசையில் போட்டார். "இந்தப் பேர்ல ஒருத்தன் இந்த மாசத்துல ஏழு தடவ புடிபட்டுருக்கான். ஒரு தடவ வயசு இருபத்திரண்டு. ஒரு தடவ நாப்பத்தஞ்சு. பத்தாந்தேதி ஒரே நாள்ல ரெண்டு எடத்துல புடிபட்டுருக்கான். எனக்கும் அவரப் பாக்கணும்னு ஆசதான். உங்காளு யாரு, ஒழுங்கா சொல்லுங்க."

தங்கை முன்னால் வந்தாள். "அஞ்சு நாளா காணோம் சாமி. மரம் மட்டும் கடல்ல கெடச்சுது. இந்தப் பொஸ்தகத்துல இருந்தா உசுரோட கீதுன்னு அர்த்தம். இல்லன்னா நாளைக்கு என் தாலிய எடுத்துடுவாங்க. அவ்ளோதான்."

ரைட்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கொஞ்சநேரம் அவள் கழுத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பேர வெச்சுப் பாத்து புண்ணியமில்ல. அங்க அடையாளம் எழுதியிருக்கேன். படிக்கறேன். உங்காளுன்னா சொல்லுங்க."

முதலாவது படித்தார். வயது முப்பத்தைந்து. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. பேசும்போது திக்குகிறான்.

மாமியார் கண் விரிந்தது. அது அவர்கள் அடுத்த வீட்டுக்காரன் என்று எனக்கே தெரிந்தது. மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

"இவனா?" என்றார் ரைட்டர்.

"தெரியாது சாமி" என்றார் மாமியார்.

இரண்டாவது, காதில் கடுக்கன், முதுகில் பெரிய மச்சம். மூன்றாவது, முன்பல் இரண்டு இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆள் எங்கள் கண்முன் வந்து நின்றான். சிரிப்பும் வந்தது. காட்டிக்கொள்ளக் கூடாது. தெரியும் என்று ஒரு முறை தலையசைத்தால் ரைட்டர் பெயரைக் கேட்பார். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அழுகிறார் என்று கான்ஸ்டபிள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நாலு, ஐந்து, ஆறு முடிந்தது. அவன் இல்லை.

தங்கை மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கோடித் துணி நினைவு வந்தது.

ரைட்டர் பக்கத்தைத் திருப்பினார். "ஏழு. செவ்வாய்க்கிழமை காலையில. வயது சுமார் இருபத்தெட்டு. கறுப்பு. தாடைக்குக் கீழே சின்னத் தழும்பு."

அண்ணன் சொன்னார், "அது போதாது சாமி. தாடையில தழும்பு எங்க குப்பத்துல நாலு பேருக்குக் கீது."

"இரு. இன்னும் எழுதியிருக்கு." ரைட்டர் கிட்டத்தில் வைத்துப் படித்தார். "தழும்பு எப்படி வந்தது என்று கேட்டதற்கு, தன் பெண்சாதி வீசிய தூண்டில் மாட்டியது என்கிறான்."

தங்கை சிரித்துவிட்டாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. வாயைப் பொத்தினாள், அப்போதும் நிற்கவில்லை.

மாமியார் அவள் பக்கம் திரும்பினார். "பாறை மேல வுழுந்துட்டேன்னு தானே அவன் சொன்னான்? நீயா?"

"தெரியாம மாட்டிக்கிச்சு அத்தே. கல்யாணம் ஆன புதுசு. யார்கிட்டயும் சொல்லாதேன்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

"மூணு வருசமா எங்கிட்டயே மறச்சிக்கினு இருந்தீங்களா? போலீசுக்கு மட்டும் சொல்லிக்கீறான் பாரு!"

"பேரத்தான் மாத்திச் சொல்லணும்னு சொல்லி வெச்சிருக்கீங்க. தழும்ப மாத்திச் சொல்லச் சொல்லி யாரும் சொல்லலியே" என்றார் அண்ணன்.

தங்கை என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, நீ ஒரு தபா படி."

ரைட்டர் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பினார். நான் விரல் வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். பெண்சாதி. வீசிய. தூண்டில். சரியாகத்தான் இருந்தது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். படித்தேன். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் அடி வாங்கியது அன்றைக்குப் போதும் என்று தோன்றியது.

மற்றதை ரைட்டர் சொன்னார். உப்பு சுரண்டப் போனபோது கட்டுமரத்தை ஆற்றின் வடகரையில் ஒரு முளையில் கட்டியிருக்கிறான். பியூன் அவனைப் பிடித்துப் போன பிறகு வடிகிற நீர் மரத்தை இழுத்துப் போயிருக்கிறது. மரம் போனது அவனுக்கே தெரியாது. தாலுகா மாஜிஸ்திரேட் தண்டனை கொடுத்து சப்ஜெயிலில் வைத்திருக்கிறார்.

"சோறு போட்றாங்களா?" என்றார் மாமியார்.

"உங்க வூட்டுச் சோத்தவிட நல்லாத்தான் போட்றாங்க."

"உப்பு?"

"அது சர்க்கார் உப்பு."

கான்ஸ்டபிள் சத்தமாகச் சிரித்தான். மாமியாரும் சிரித்தார்.

ரைட்டர் பேனாவை மையில் தோய்த்தார். "சரி, உங்காளுன்னு ஒத்துக்கிட்டீங்க. இப்ப நெஜப் பேரச் சொல்லுங்க. திருத்தணும்."

சிரிப்பு நின்றது.

"பொண்டாட்டி புருசன் பேர சொல்லக் கூடாது சாமி" என்றாள் தங்கை.

"நீ சொல்லும்மா. பெத்தவதானே."

"வயசாயிட்ச்சு நைனா. மறந்துபோச்சு."

அண்ணனைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நீ வேணாம்" என்றார். என்னைப் பார்த்தார். "நீ?"

"நான் ராயபுரம்" என்றேன்.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பேனாவைத் துடைத்து வைத்தார். "செத்தவரே இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

நாங்கள் கும்பிட்டோம். வாசல் வரை வந்த தங்கை திரும்பவும் உள்ளே போனாள். கேட்க வேண்டியதை மறந்துவிட்டிருந்தாள்.

"எத்தினி நாளு சாமி?"

ரைட்டர் ரிஜிஸ்டரைத் திறந்தார். கடைசிக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"பதினஞ்சு. இன்னியோட அஞ்சு போச்சு."

தங்கை விரல் விட்டு எண்ணிக்கொண்டே படி இறங்கினாள்.

பத்து நாள்.