ஆம்ப்ரோஸ் இல்லாத படம்

ஹோசியா டில்மனின் தாயும் ஆம்ப்ரோஸின் தாயும் கூடப்பிறந்தவர்கள். ஹோசியாவின் கையில் பந்து ஒட்டிக்கொள்ளும். ஆம்ப்ரோஸ் ஏதோ சுமாராக ஆடுவான். ஆனாலும் அலபாமாவில் அந்த வெள்ளையர் கல்லூரி 1968இல் கூடைப்பந்துக்குக் கறுப்பர்களான இந்த இரண்டு பேரையும் சேர்த்தே எடுத்தது. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் ஹோசியாவோடு ஒரே அறையில் படுக்க வெள்ளைப் பையன் எவனும் சம்மதிக்க மாட்டானே! அதற்கென்று எடுத்த ஆள்தான் ஆம்ப்ரோஸ். எந்நேரமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த வருஷம் வெளியூரில் ஓர் ஆட்டம் ஜெயித்து வெளியே வரும்போது கூட்டத்திலிருந்து சோடா பாட்டில் பறந்து வந்தது. குறி ஹோசியாவுக்கு. குறுக்கே பாய்ந்தவன் ஆம்ப்ரோஸ். இடது கண் போயிற்று, கூடவே படிப்பும் போயிற்று. ஊர் திரும்பி மர ஆலையில் பலகை அடுக்கியே காலத்தை ஓட்டி, ஒன்பது வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தான்.

அன்று பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, "கூட ஆடுற பையன்" என்று மட்டும்தான் ஹோசியா சொன்னான். வெள்ளைக்காரன் பேனாவை எடுத்தால் நம்ம ஆள் பேரைச் சொல்லாதே என்று வீட்டுக்கு வீடு சொல்லி வளர்த்த காலம் அது. பேர் அச்சில் வந்தால் மறுநாள் அப்பனுக்கு வேலை இருக்காது.

காலம் மாறியது; நாக்கு மாறவில்லை. ஐம்பது வருஷம் கழித்து அந்தக் கதையைப் படமெடுக்க வந்தவர்கள் ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்ததும் ஹோசியாவின் வாய் பழையபடியே பேசியது. "கூட ஆடுன ஒருத்தன் என் அறையில இருந்தான். அவன்தான் பாட்டிலைத் தாங்கினான்."

போன வாரம் அட்லாண்டாவில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். அதில் செம்பட்டை முடியோடு ஒரு வெள்ளைப் பையன். முதலில் ஹோசியாவைக் கண்டால் ஆகாது அவனுக்கு. பிறகு ஒரே அறையில் படுத்துச் சிரித்துப் பேசுகிறான். கடைசியில் பாட்டிலை முகத்தில் வாங்குவதும் அவன்தான். ஹோசியா படமெடுத்தவர்களுக்கு எத்தனையோ முறை போன் போட்டுக் கெஞ்சினார். "படம் முடிஞ்சுபோச்சு சார், இனி ஒண்ணும் மாத்த முடியாது" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்தில் படம் போட ஏற்பாடு. ஹோசியா பாஸ்டரிடம் ஓடினார்.

"நிறுத்திடுங்க பாஸ்டர். ஆர்டீலியாக்கா பாக்கக் கூடாது."

"என்னய்யா பேசற? முன்னூறு பேருக்குக் கோழி பொரிச்சாச்சு. அந்தம்மா மூணு மாசமா உசிரைப் பிடிச்சிக்கிட்டு இருக்கிறதே தம்பியைத் திரையில பாக்கத்தான்."

ஆர்டீலியா ஆம்ப்ரோஸுக்கு மூத்தவள். சக்கர நாற்காலி, மூக்கில் பிராணவாயுக் குழாய். ஹோசியா அவள் வீட்டுக்குப் போனபோது தம்பியின் பழைய ஆட்டச் சட்டையை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"வாடா சினிமாக்காரா! ஆம்ப்ரோஸா நடிக்கிறவன் அழகா இருக்கானா? எங்க வீட்டு மூக்கு இருக்கா அவனுக்கு?"

"அக்கா... அந்தப் படத்துல..."

"சொல்லாதே, சொல்லாதே! நானே பாத்துக்கறேன். முதல்ல நாற்காலியைத் தள்ளு."

ஹோசியா தள்ளினார். சபைக் கூடத்தில் முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்.

விளக்கை அணைத்தார்கள். அறைக் காட்சி வந்தது. ஆர்டீலியாவின் கையில் விசிறி ஆடிக்கொண்டிருந்தது. "யார்ரா இந்தச் செம்பட்டை? ஆம்ப்ரோஸ் எப்ப வருவான்?"

"வருவான்க்கா," என்றது ஹோசியாவின் பாழாய்ப்போன வாய்.

பாட்டில் பறந்தது. செம்பட்டை முடிக்காரன் விழுந்தான். கூடமே "ஐயோ இயேசுவே!" என்று அழுதது. விசிறி நின்றுவிட்டது.

அதற்குமேல் ஹோசியாவால் தாங்க முடியவில்லை. அந்தச் சபையில் சாட்சி சொல்ல யார் எழுந்தாலும் தடுப்பதில்லை. எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றார். படம் அவர் முகத்திலும் சட்டையிலும் ஓடியது.

"அது ஆம்ப்ரோஸ்! வெள்ளைப் பையன் இல்ல, என் பெரியம்மா மகன் ஆம்ப்ரோஸ்! நான் பேர் சொல்லல. கேட்டாங்க, நான் சொல்லல!"

ஆர்டீலியா சட்டையை மெல்ல மடித்தாள்.

"எங்கப்பன் செத்து நாப்பது வருஷம் ஆச்சு, ஹோசியா. அதுக்கப்புறம் யாரு வேலை போயிடும்னு பயந்தே?"

ஹோசியா திரைக்கு முன்னாலேயே நின்றார்.

"தள்ளி உக்காருடா. மறைக்கிற. எந்த மூஞ்சியை என் தம்பிக்கு மாட்டியிருக்காங்கன்னு நல்லாப் பாத்துட்டுப் போறேன்."