தேதியோடு எடுத்த பூக்கள்

பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்ற வருடம், ஒரு டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வாங்கினேன். கல்யாணம் செய்துகொள்ளாத பொம்பளைக்கு இது எதற்கு என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் எது வாங்கினாலும் அவர்கள் பேசுவது அதைத்தான்.

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் எனக்கும் தம்பிக்கும் பொதுவில் நாலு ஏக்கர் கரிசல்காடு இருந்தது. மழையை நம்பிய நிலம். அப்பா காலத்திலிருந்தே ஒரு குடும்பம் அதை, விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கு, உழுது வந்தது. தென்பாதி சரளை, ஒன்றும் விளையாது. வடபாதியில், மழை பெய்த வருடங்களில், கொத்தமல்லி விதைப்பார்கள்.

என் பூக்கள் தென்பாதியில் இருந்தன. ஐப்பசி பிறந்ததும் ஞாயிறுதோறும் விருதுநகரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போவேன். விஷ்ணுகிரந்தி மதியத்துக்குள் மூடிக்கொள்ளும் என்பதால் தாமதிக்க முடியாது. சட்டைப் பொத்தானை விடச் சிறிய அந்த நீலத்தை எடுக்க, தரையில் குப்புறப் படுத்து மூச்சை அடக்க வேண்டும்.

முதல் நாள் அப்படிக் கிடந்தபோதுதான் உழுகிறவரின் மனைவி வந்து பார்த்தாள். மற்ற நாட்களில் வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள், ஞாயிறுதான் ஓய்வு.

“டீச்சர், வெறுந்தரையிலயா படுக்கீக? பாம்பு கெடக்கும். இருங்க, சாக்கு கொண்டாறேன்.”

அதற்குப் பிறகு சாக்கு எப்போதும் தயாராக இருந்தது. காற்று வரும் பக்கம் முந்தானையை விரித்துப் பிடித்து நிற்பாள். ஒரு தரம் ஓரிதழ்த் தாமரையைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். அந்த ஒற்றை ரோஸ் இதழின் நரம்புகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, இத்தனை வருடம் இதை மிதித்துக்கொண்டுதான் போயிருக்கிறேன் என்றாள். கிளம்பும்போது ஒரு கட்டு மல்லித்தழை பிடுங்கித் தருவாள். வாங்கிப் பையில் வைத்துக்கொள்வேன். அந்த மல்லியை ஒரு தடவைகூடப் படம் எடுத்ததில்லை. விதைத்து முளைத்த எதிலும் எனக்கு அக்கறை இல்லை.

மூன்று மழைக்காலம் இப்படிப் போயிற்று. சிவகாசியில் அச்சுத் தொழில் செய்யும் என் தம்பி, நான் அனுப்பிய படங்களுக்கு ஒரு நாளும் பதில் போட்டதில்லை. திடீரென்று ஒரு நாள் கூப்பிட்டான். படங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னான். எல்லாவற்றையும் ஒரிஜினலாக, எடுத்த தேதியோடு வேண்டும் என்றான். காலண்டர் போடப் போகிறான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டு நாள் உட்கார்ந்து, வருடவாரியாகப் பிரித்து, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் மனைவி காபி கொடுத்தாள். கெட்டிக் காபி.

அடுத்த மாதம் அவன் வீட்டுக்கு வரச் சொன்னான். ஒரு வக்கீலும் ஊர்ப் பெரியவர்கள் இருவரும் நாற்காலிகளில் இருந்தார்கள். உழுகிறவரும் அவர் மனைவியும் சுவரோரம் நின்றார்கள். அங்கேதான் எனக்கு விஷயமே தெரிந்தது. நிலத்தை ஒரு பட்டாசுக் கம்பெனி கேட்கிறது. உழுகிறவர் விட மறுக்கிறார். மூன்று வருடமாக அவர் எதுவும் விதைக்கவில்லை, நிலம் தரிசாகத்தான் கிடந்தது என்று காட்டிவிட்டால் அவருக்குச் சட்டத்தில் பிடிமானம் இல்லை.

வக்கீல் லேப்டாப்பில் என் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒவ்வொன்றுக்கும் தேதியைப் படித்தார். நெருஞ்சி, கொழுஞ்சி, தும்பை. எல்லாம் களை என்றார்.

ஒரு விஷ்ணுகிரந்தி வந்தபோது அவள் சுவரை விட்டு முன்னால் வந்தாள். பூவுக்குப் பின்னால் கலங்கித் தெரிந்த பச்சையை விரலால் தொட்டாள்.

“இது எங்க மல்லி. டீச்சருக்குத் தெரியும். சொல்லுங்க டீச்சர்.”

புல்லாகவும் இருக்கலாம் என்று வக்கீல் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். தம்பி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். எனக்கு முடியாமல் போகும் காலத்தில் போய் இருக்க அவன் வீட்டு மாடி அறையைத் தவிர வேறு இடமில்லை. அந்த நேரத்தில் அதுதான் நினைவுக்கு வந்தது. அவள் கொடுத்த தழைக்கட்டு நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய், அதுவும் வந்தது.

“படத்தை வச்சுச் சொல்ல முடியாது,” என்றேன்.

முப்பது வருடம் தாவரவியல் நடத்தியவள் சொன்ன பதில். அதில் தவறு கண்டுபிடிக்க யாராலும் முடியாது. அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பழையபடி சுவரோரம் போய் நின்றாள். உழுகிறவர் நிலத்தை விட்டுவிடுவதாக அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு கம்பெனிக்கு எழுதிய கிரயப் பத்திரத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன்.

போன கார்த்திகையில் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவளாகவே வந்து பேசினாள். வீட்டுக்காரர் மில்லுக்குப் போகிறாராம். அவளுக்கு இப்போது வேன் தேவையில்லை, வேலைக்கு நடந்தே போய்விடுகிறாளாம்.

“எந்தக் கம்பெனி?” என்று கேட்டேன்.

“நம்ம காட்டுலதான் டீச்சர்,” என்றாள்.

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். நல்லா இருக்காக என்றாள். அதற்குள் விருதுநகர் பஸ் வந்துவிட்டது. நான் ஏறியதும், கீழே வைத்திருந்த என் பையை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள்.