நண்டுப் பிடி

பாரிசவாதம் வந்துபோன பிறகு என் வலக்கையில் பலம் மிச்சமிருந்தது. புத்திதான் இல்லை. கோப்பையைப் பார்ப்பேன், கை போகும், விரல்கள் விரியாமல் மூடியபடியே போய்க் கோப்பையைத் தட்டிவிடும். யாராவது கைக்குள் வைத்துவிட்டால் மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டாக்டர் ஒருவர் மேசையில் சாவி, பேனை, கோப்பை எல்லாம் பரப்பி என்னை எடுக்கச் சொன்னார். எதையும் எடுக்க முடியவில்லை.

"ஐயா, ஒரு சாமானக் கண்டதும் அதுக்கு ஏத்த மாதிரிக் கைய விரிக்க வைக்கிற நரம்புக் கலங்கள் மூளையில இருக்கு. கண்ணும் கையும் கதைக்கிற இடம் அது. உங்களுக்கு அங்கதான் அடிபட்டிருக்கு. பழகினாத் திரும்பலாம்."

"திரும்பாட்டி?"

"பாப்பம் ஐயா."

இந்தப் 'பாப்பம்' எனக்குப் பிடிக்காத சொல்.

இடக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இடக்கையால் வாங்கிப் பழக்கமில்லை, பழகவும் மனமில்லை. வீம்புதான். மூடிய வலக்கைக்குள் சூடான கோப்பையைத் திணிக்க மனைவிக்குப் பயம். அதனால் அவளே என் வாயில் கோப்பையை வைத்துப் பிடிப்பாள், கோழிக்குஞ்சுக்கு மருந்து பருக்குவதுபோல. வெட்கமென்றால் அப்படியொரு வெட்கம். அவள் நீட்டும் தேத்தண்ணியை வலக்கையால் வாங்கிக் குடிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றிருந்தது.

எங்கள் ஊர் தன்னாமுனையில் வீட்டு வளவுக்குப் பின்னால் வாவி. சின்ன வயதிலிருந்தே நண்டு பிடித்த கை இது. ஒருநாள் காலை அவள் குசினியில் நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். கட்டியிருந்த நார் அவிழ்ந்து ஒன்று தரையில் இறங்கி நேரே அவள் காலடிக்கு ஓடியது. நான் யோசிக்கவில்லை. வலக்கை நண்டின் பின்பக்கமாகப் போய், பெருவிரல் அடியில், மற்ற விரல்கள் ஓட்டின் மேல், அமுக்கித் தூக்கிவிட்டது.

"என்ட கடவுளே! நண்டு பிடிக்கிற கைக்கு ஒரு கோப்ப பிடிக்க ஏலாதா? இவ்வளவு நாளும் நடிச்ச நீங்களா?" என்று சிரித்தாள், அழுதாள். உடனே தேத்தண்ணி ஊற்றி வந்து நீட்டினாள்.

கை மூடியபடியே போய்த் தட்டியது. பாதித் தேத்தண்ணி அவள் சேலையில் கொட்டியது. எனக்குக் கையின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவள் சேலையை உதறிவிட்டு மீண்டும் ஊற்றினாள்.

"மறுகா பாருங்க. இதுவும் நண்டுதான் எண்டு நினைங்க."

நினைத்தேன். கை விரிந்தே போனது. பெருவிரல் கோப்பையின் அடியில், மற்ற விரல்கள் மேலாக வந்து தேத்தண்ணிக்குள்.

"ஐயோ, சுடும், விடுங்க!" என்றாள்.

சுட்டது. நான் விடவில்லை.