அணைந்த தீக்குச்சி

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வைத்த பேர் ‘சந்தேகம்’. வைத்தவன் என் அண்ணன், பட்டறை அவனுடையது. நான் அங்கே பெயின்ட் அடிக்கிறேன், இவர் பிளாஸ்மா மிஷினில் இரும்பு வெட்டுகிறார். மின்சாரப் பொறியை வைத்தே தடித்த தகட்டை அறுத்துத் தள்ளும் மிஷின் அது. காலையில் இவர் தலை தெரிந்தாலே, “சந்தேகம் வந்தாச்சு, இனி வேலை நடந்த மாதிரிதான்” என்பான் அண்ணன்.

கேலிக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கையுறை வியர்வையில் நனைந்தால் உடனே வேறு மாட்டுவார். காய்ந்த பலகைமேல் நின்றால்தான் மிஷினைத் தொடுவார். ஒயர் எங்கேயாவது உரிந்திருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவார். “அந்தப் பக்கம் திரும்பும்மா, கண்ணு போயிடும்” என்று தினமும் என்னை விரட்டுவார். புதிதில் எனக்கு எரிச்சலாக வரும். போகப் போக, இப்படி ஒரு ஆள் கிடைத்தாரே என்று நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் பழைய எண்ணெய்த் தொட்டி ஒன்று வந்தது. உள்ளே விரலை விட்டுப் பார்த்து, “பிசுக்கு இருக்கு மச்சான். பொறி பட்டா பத்திக்கும். வெட்டமாட்டேன்” என்று சொல்லிவிட்டார். அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே தொட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தான்.

மறுநாள் வந்து பார்த்தால் தொட்டி பளபளவென்று இருந்தது. மிஷின் பாகங்களில் கிரீஸ் எடுக்க ஒரு மருந்து வைத்திருப்போம். அதை ஊற்றி அண்ணன் தானே தேய்த்திருக்கிறான்.

இவர் குனிந்து முகர்ந்தார். “என்னமோ இனிப்பா வாசனை வருதே?”

“மருந்து வாசனை மாப்ள. இது தீப்பிடிக்காது, பாருங்க.” மருந்தில் நனைந்த துணிமேல் அண்ணன் ஒரு தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டான். குச்சி அணைந்துபோனது. எல்லோரும் கைதட்டினார்கள். இவரும் சிரித்துவிட்டார். இவர் பயந்ததெல்லாம் தீக்குத்தான். அந்தப் பயம் போனதும் வேறு எதைக் கேட்பது என்று யாருக்குமே தோன்றவில்லை.

தொட்டியின் வாய்க்குள் தலையை விட்டு வெட்டினார். கொஞ்ச நேரத்தில் இருமிக்கொண்டே வெளியே வந்தார். கண்ணெல்லாம் சிவப்பு. “பச்சைப் புல்லு அழுகின மாதிரி நாறுதும்மா” என்றார். தண்ணீர் குடித்ததும் சரியாகிவிட்டது. மறுபடி போய் மிச்சத்தையும் வெட்டினார். சாப்பாட்டை ஒரு பிடி பிடித்தார். வெட்டிய தகடுகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்.

சாயங்காலம், அந்த மருந்தை விற்கிறவர் காலி டின் எடுக்க வந்தார். தொட்டியைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“இத ஊத்தித் தொடச்சிட்டா வெட்டுனீங்க?”

“தீப்பிடிக்காதுல்ல?” என்றான் அண்ணன்.

“தீ கெடக்குது! அந்த மிஷின் வெளிச்சமும் சூடும் பட்டா மருந்து ஆவி விஷமாயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இப்படித்தான் நல்லா சிரிச்சுப் பேசிட்டிருந்தாரு. விடியறதுக்குள்ள நெஞ்சு பூரா நீர் கோத்துக்கிச்சு. யாரு வெட்டுனது? அவர நடக்கவிடாதீங்க, உடம்ப அசைச்சா இன்னும் மோசமாயிடும்.”

இவரோ, “எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று எழுந்தார். பிடித்து உட்காரவைத்தேன். அண்ணன் வண்டியை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்தார்கள். “இப்ப தெளிவா இருக்கு. ஆனா இந்த விஷம் உடனே காட்டாது, நேரமாகும். அசையாம படுத்திருக்கணும்” என்று சொல்லி டாக்டர் மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டினார். மருந்து எதுவும் கொடுத்து இதை முறிக்க முடியாதாம். என் அண்ணனை அந்த நிமிஷம் எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவனும் கெட்டது நினைத்துச் செய்யவில்லை. இவருக்காகத்தான் தொட்டியைத் துடைத்தான். அதனால் வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை.

ஜன்னலுக்கு வெளியே இருட்டத் தொடங்கியது. இவருக்குப் பொறுமை போய்விட்டது. குழாயைக் கழற்றப் போனார். கையைத் தட்டிவிட்டேன்.

என்னை ஒருநாளும் அதட்டாத மனிதர் கத்தினார். “வீட்டுக்குப் போலாம்னு சொல்றேன், கேக்குதா இல்லையா? ஊர்ல எவனோ செத்தான்னா நானும் இங்க...”

அதற்குமேல் வரவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, நெஞ்சு மேலும் கீழும் போனது. திட்டி முடிக்க அவருக்கு மூச்சுப் போதவில்லை.

அண்ணன் டாக்டரைக் கூப்பிட ஓடினான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “மீதியையும் திட்டுங்க” என்றேன். “நான் கேட்டுக்கிறேன், திட்டுங்க.”